பாகூர் பஸ்ஸில் டிரைவருடன் பேசியது

புதுச்சேரியில் என்னை முதலில் பயமுறுத்தியது ஒரு பஸ்தான். இருபத்து நான்கு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். ஆனால் நடந்தது அதுதான். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போதே வண்டி புறப்பட்டுவிட்டது. நடத்துனர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தார். "ஏறுண்ணா, ஏறு. பின்னால வண்டி நிக்குது பாரு" என்றார், நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல. என் பை வாசல் கம்பியில் மாட்டிக்கொண்டு வெளியே தொங்கியது. யாரோ ஒரு பெண் அதை எட்டி எடுத்துத் தந்தார்.

உழவர்கரையில் இறக்கிவிடச் சொல்லியிருந்தேன். "எந்த உழவர்கரைண்ணா? முக்கா டவுனும் உழவர்கரைதான்" என்று கேட்டார் நடத்துனர். நான் விழித்தேன். அவரே ஒரு முடிவெடுத்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து பயிற்சி நிலையத்துக்கு ஒரு மணி நேரம் நடந்தேன்.

வன்னியில், கிளிநொச்சிக்கு அப்பால், எங்கள் ஊருக்கு ஒரு பஸ் சங்கம் இருக்கிறது. மூன்று வண்டிகள், ஐந்து சாரதிகள். கிராமத்துப் பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் புதுச்சேரியில் எட்டு நாள் பயிற்சி நடக்கிறது, வெளிநாட்டுக்காரருக்கும் ஓர் இடம் தருகிறார்கள் என்று தகவல் வந்தபோது, சங்கத் தலைவர் என்னை அனுப்பினார். மூத்தவன் என்பது ஒரு காரணம். மற்றது, இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு விபத்தில் மாட்டியிருந்தேன். குளக்கட்டு வீதியில் சிவக்கொழுந்து என்பவர் சைக்கிளில் பால் கொண்டு போகும்போது என் வண்டியில் அடிபட்டார். இடுப்பெலும்பு உடைந்தது. சைக்கிள் குறுக்கே வந்தது என்று விசாரணையில் முடிவானது. என் மேல் பிழையில்லை என்றார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த வீதியில் வண்டி ஓட்டும்போது என் கை வேர்க்கும். தலைவர் அதைக் கவனித்திருந்தார். "போய்ப் படிச்சிட்டு வா, குலம். பயம் தெளியும்" என்றார்.

பயம் தெளியவில்லை. முதல் நாளே கூடியது.

பயிற்சியாளர் ஸ்டெல்லா என்ற பெண். முப்பது வயது இருக்கலாம். கனரக வண்டி ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். வகுப்பில் நாங்கள் இருபது பேர். மற்றப் பத்தொன்பது பேரும் பாகூர், திருக்கனூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓட்டுகிறவர்கள். ஒவ்வொருவராக எழுந்து தொழிலைச் சொல்லச் சொன்னார்கள். நான் "சாரதி" என்றேன். வகுப்பு சிரித்தது.

"எங்களுக்கு சாரதின்னா கோயில்ல இருக்கறவருண்ணா" என்றார் ஸ்டெல்லா. "இங்க எல்லாரும் டிரைவர்தான். உக்காருங்க."

மாலையில் இன்னொரு வேடிக்கை. பசித்தது. ஒரு கடையில் பாண் கேட்டேன். எங்கள் நாட்டில் ரொட்டிக்குப் பாண் என்றுதான் பெயர். கடைக்காரர் தெருமுனையைக் காட்டினார். போய்ப் பார்த்தால் வெற்றிலைக் கடை. ஒரு பீடாவைச் சுற்றிக் கையில் தந்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பீடா தின்றது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். அந்த எட்டு நாளில் நான் மனம்விட்டுச் சிரித்ததும் அன்றோடு சரி.

இரண்டாம் நாள் என்னை மைதானத்தில் நின்ற பஸ்ஸின் இருக்கையில் உட்கார வைத்தார் ஸ்டெல்லா. கண்ணாடிகளை என் வசதிக்குத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். திருப்பினேன்.

"யாராவது தெரியறாங்களாண்ணா?"

இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன், முன்னால் பார்த்தேன். வெறும் மண். "ஒருத்தரும் இல்லை."

"வண்டிய எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"எறங்கி வந்து பாருங்க."

இறங்கினேன். பஸ்ஸைச் சுற்றிப் பதினொரு பேர் குந்தியிருந்தார்கள். முன் பம்பருக்குக் கீழே மூன்று பேர். இடப்பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி இரண்டு பேர். பின்னால் ஒரு வரிசை. எல்லாரும் என் சக மாணவர்கள். சிரித்துக்கொண்டு எழுந்து மண்ணைத் தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் எத்தனை தடவை "ஒருத்தரும் இல்லை" என்று வண்டியை எடுத்திருப்பேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, முடியாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் களைப்பைப் பற்றிய பாடம். ஸ்டெல்லா கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"வண்டி ஓட்டும்போது ஒரு தடவையாவது தூங்குனவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார் அவர். "அப்போ இருபது பேரும் பொய் சொல்றீங்க."

அன்று மாலை கடற்கரைக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் இருக்கிற பகுதியைத் தாண்டி நடக்க வேண்டும். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, வீதிப் பெயர்ப் பலகையில் தமிழோடு பிரெஞ்சு. கடற்கரை வீதியை மாலையானதும் வண்டிகள் நுழைய விடாமல் மூடிவிடுகிறார்கள். பெரிய தார் வீதி, நடுவில் மனிதர்கள் கை வீசி நடக்கிறார்கள். ஒரு கிழவர் வீதியின் நடுக்கோட்டில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். அவரைப் பார்த்தே என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. வண்டி வராது என்று தெரிந்தும் நான் ஓரமாகவே நடந்தேன்.

நான்காம் நாள் எங்களை ஆளுக்கொரு பஸ்ஸில் பார்வையாளராக ஏற்றிவிட்டார்கள். வழக்கமாக ஓடும் தனியார் பஸ்களில், டிரைவர் பக்கத்தில் இருந்து, ஒரு தாளில் கவனித்ததை எழுத வேண்டும். எப்படி நிறுத்துகிறார், ஆள் இறங்கி முடிந்த பிறகு எடுக்கிறாரா, கண்ணாடி பார்க்கிறாரா. எனக்குக் கிடைத்தது பாகூர் வண்டி. டிரைவர் பெயர் ஆரோக்கியராஜ். அகன்ற முகம், அரும்பு மீசை. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. அதன் பக்கத்திலேயே யாரோ எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார்கள். அவருடைய தலைக்கு மேல் சிவப்பில் எழுதியிருந்தது: டிரைவருடன் பேசாதீர்கள்.

"உக்காருங்கண்ணா" என்று எஞ்சின் மூடிக்குப் பக்கத்து இருக்கையைத் துண்டால் தட்டிவிட்டார். "சிலோனா? நம்ம பேச்சு மாதிரியே இருக்கு, ஆனா பாட்டு மாதிரியும் இருக்கு."

நல்ல சாரதி. காலையில் நான் எழுதியதெல்லாம் பாராட்டுத்தான். முதலியார்பேட்டை நெரிசலில் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் தண்ணீர் போல வண்டிக்கு முன்னால் வந்து விழுந்தன. ஒருவரையும் திட்டாமல் ஓட்டினார். ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு வந்த பெண் உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. பின்னால் விசில் ஊதிக்கொண்டே இருந்தார் நடத்துனர் பாலு. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் பாகூரில் சாப்பிட்டோம். மீன் குழம்பு எங்கள் ஊர்க் குழம்பைவிடப் புளிப்பு, தேங்காய்ப் பால் கிடையாது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆரோக்கியராஜ் சோற்றில் கை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சாப்பிடேல்லையா?"

"நேத்து காலைல ஏறுனேண்ணா. மாத்து டிரைவர் வரல. ராத்திரி ஒரு கல்யாண டிரிப்பும் போட்டுட்டாங்க. சீட்லயே ரெண்டு மணி நேரம் படுத்தேன். சாப்ட்டா தூக்கம் வரும்" என்று எழுந்து கை கழுவினார்.

அவருடைய சோறு அப்படியே கிடந்தது.

இரண்டு மணி வெயிலில் வண்டி திரும்பவும் நகரத்துக்குப் புறப்பட்டது. உட்கார இடமில்லை. நாற்பது, ஐம்பது பேர். பாட்டு அலறியது. ஊரை விட்டு ஏரிக்கரைப் பக்கம் வந்தோம். ஒரு புறம் வயல், மறு புறம் சரிவு. எங்கள் குளக்கட்டு வீதியை யாரோ தூக்கி வந்து இங்கே போட்டதைப் போல இருந்தது. அதே அகலம், அதே வெளிச்சம்.

இடது சக்கரம் தாரை விட்டு இறங்கிச் சரளையில் கரகரத்தது. ஒரு நொடிதான். வண்டி மறுபடியும் தாருக்கு ஏறியது. பயணிகளுக்கு அது ஒரு குலுக்கல். எனக்கு அது என்னவென்று தெரியும். மேலே இருந்த கண்ணாடியில் ஆரோக்கியராஜின் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. இமை மெல்ல இறங்கி, பாதியில் நின்று, துள்ளி ஏறியது.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுவமா? தேத்தண்ணி குடிப்பம்."

"டைமிங்ண்ணா. நாலு நிமிஷத்துல பின்னால வண்டி வந்துரும்" என்றார். நாக்கு தடித்திருந்தது.

கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிவிடலாம். ஸ்டியரிங்கை நான் பிடிக்க முடியாது. பாலு கடைசியில், கூட்டத்துக்குள் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். காலையில் கண்ட அதே பெண், கைக்குழந்தை மடியில் தூங்க, எனக்குப் பின் இருக்கையில் இருந்தாள்.

பேசத் தொடங்கினேன். எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொன்னேன். யானை வந்து வாழைத் தோட்டத்தை மிதித்ததைச் சொன்னேன். "ம்" என்றார், "ம்" என்றார். மூன்றாவது "ம்" வரவில்லை. இமை இறங்கியது.

"தம்பி, நான் ஒருத்தரை அடிச்சனான்" என்றேன். "பஸ்ஸாலை."

கண் திறந்தது. "இன்னாண்ணா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னம். சைக்கிளிலை வந்தவர்."

"செத்துட்டாரா?"

"இல்லை. இடுப்பு உடைஞ்சு போச்சு."

விசாரணையில் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். வெயில், குளக்கட்டு, பால் பாத்திரம், சைக்கிள் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன். இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழத்துப் போன கதை. எனக்கே அலுத்திருந்தது. அவருக்கும் அலுத்தது. தலை முன்னால் சரியத் தொடங்கியது. ஏரிக்கரை இன்னும் முடியவில்லை. எதிரே ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் என் வாயிலிருந்து அது வந்தது. வெளியே விடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"பொய், தம்பி. அவர் குறுக்கை வரேல்லை. நேரா, ஓரமா வந்தவர். நான் நித்திரை. கண் முழிச்சுப் பாக்கேக்கை அவர் ரோட்டோர வாய்க்காலுக்குள்ளை கிடந்தார். பொலிஸுக்குப் பொய் சொன்னனான். சங்கத்துக்குப் பொய் சொன்னனான். சைக்கிள்காரன்ரை பிழை எண்டு எழுதி அந்த மனிசனுக்கு ஒரு நட்டஈடும் இல்லாமல் பண்ணினனான். என்ரை மனிசிக்குக்கூடத் தெரியாது."

ஆரோக்கியராஜ் முழுதாக விழித்திருந்தார். டிராக்டருக்கு வழி விட்டார். நூறு மீட்டர் தள்ளி, ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். பாட்டும் நின்றது.

கூட்டம் சத்தம் போட்டது. "இன்னாப்பா ஆச்சு?", "ஆஸ்பத்திரிக்குப் போணும்பா, எடுப்பா!" விசில் மேல் விசில் வந்தது. ஆரோக்கியராஜ் இறங்கி, குடிதண்ணீர்ப் போத்தலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "பத்து நிமிஷம்டா பாலு" என்றார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. சிலர் இறங்கி அதற்குக் கை காட்டினார்கள். அது நிற்கவில்லை.

"இத ஏண்ணா எங்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார்.

"வேறை எதைச் சொன்னாலும் நீங்கள் முழிக்கேல்லை."

அவர் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிச்ச வழியை மெதுவாக ஓட்டினார். நான் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கேட்டேன், அவர் சத்தமாகச் சொன்னார். பஸ் நிலையம் வந்து ஆட்கள் இறங்கி முடிந்த பிறகு, என் மடியில் இருந்த தாளைப் பார்த்தார்.

"எழுதுவீங்களா?"

"எழுதவேணும், தம்பி."

"எழுதுனா என்னை எடுத்துருவாங்கண்ணா. ஓனருக்கு ரெண்டே வண்டி. இன்னொரு ஆள் போட மாட்டாரு. என்னைத் தூக்கிட்டு என்னை மாதிரி ஒருத்தன உக்கார வைப்பாரு. அவனும் தூங்குவான்."

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று, பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "நீங்க மட்டும் உங்களத எழுதுனீங்களா?"

ஐந்தாம் நாள் விடியற்காலையில், விடுதிக் கட்டிலில் இருந்து இரண்டு தாள் எழுதினேன். முதல் தாளில் பாகூர் வண்டியைப் பற்றி. டிரைவர் நல்லவர், திறமையானவர், முந்தின நாள் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓட்ட வைக்கப்பட்டவர், ஏரிக்கரையில் தூங்கினார் என்று எழுதினேன். ஓய்வில்லாமல் ஓட்ட வைத்ததை முதலிலும், தூங்கினதை அதற்குப் பிறகும் வைத்தேன். இரண்டாம் தாளில் என்னைப் பற்றி. முதல் தாளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இரண்டாவது ஆறு வரிதான். அதை முடிக்கும்போது வெளியே பால்காரன் மணி அடித்தான். பேனாவைக் கீழே போட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவிடம் இரண்டையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முதல் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "ஓனர்கிட்ட நானே போய்ப் பேசறேன்" என்றார். இரண்டாவதை மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இது எனக்கில்லண்ணா. இத யார்கிட்ட குடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும்."

கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்த பாடங்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. முதலுதவி, தீயணைப்பு, சக்கர நாற்காலியை ஏற்றுவது. கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு அழைத்துப் போய், நோயாளிகள் பஸ்ஸிலிருந்து எப்படி இறங்குகிறார்கள் என்று ஒரு காலை முழுதும் பார்க்க வைத்தார்கள். ஒருவர் தடியை முதலில் தரையில் ஊன்றி, அது நிலைத்துவிட்டதா என்று பார்த்து, பிறகு ஒரு காலை, பிறகு மற்றக் காலை இறக்கினார். சிவக்கொழுந்து இப்போது அப்படித்தான் இறங்குகிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

ஆரோக்கியராஜுக்கு நாலைந்து தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை போய்விட்டது, நான்தான் கெடுத்தேன் என்று அடித்துக்கொண்டது மனம். புறப்படுகிற அன்று காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். பாகூர் வண்டி நின்றது. இருக்கையில் வேறு ஆள். பாலு படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆரோக்கியராஜ் எங்கை, தம்பி?"

"வீட்ல தூங்கறாண்ணா. மூணு நாள் லீவு. அந்தம்மா வந்து ஓனர்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டுப் போச்சு. திட்டிக்கிட்டேதான் மாத்து ஆள் போட்டாரு. எத்தன நாளைக்கு ஓடும்னு தெரியல."

"என்னோடை கோவமே?"

"கோவந்தான். செம கோவம்." ஒரு வாய் டீ குடித்தார். "ஆனா தூங்கறான்."

ஊர் திரும்பிய மறுநாள் அந்த ஆறு வரித் தாளைச் சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை வண்டி ஓட்டுவதிலிருந்து நிறுத்தினார்கள். பொலிஸில் மறுபடியும் வாக்குமூலம் கொடுத்தேன். வழக்கு வரும் என்கிறார்கள். மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இதெல்லாம் நான் எதிர்பார்த்துப் பயந்தவைதான். எதிர்பார்த்தபடியே வந்தன.

மூன்றாம் நாள் பின்னேரம் சிவக்கொழுந்து வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தடி மடியில் கிடந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். நீங்கள் ஓரமாகத்தான் வந்தீர்கள், நான் நித்திரை, விசாரணையில் பொய் சொன்னேன்.

தடியால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

"நான் உன்ரை முகத்தைக் கண்டனான்" என்றார் அவர். "கண்ணாடிக்குள்ளாலை. கண் ரெண்டும் மூடியிருந்தது. பொலிஸிலை சொன்னனான். தலையிலை அடிபட்டவன், உளறுறான் எண்டிட்டாங்கள். போகப்போக எனக்கே பயம் வந்திட்டுது. நான் கண்டது பொய்யோ, என்ரை மூளைதான் பிழைச்சுப் போச்சோ எண்டு. ரெண்டு வருஷமா இரவிலை அதுதான் பயம்."

வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கிட்ட வா, இவன் சொல்லுறதைக் கேள்" என்றார் சிவக்கொழுந்து. பிறகு என்னைப் பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லு. சத்தமாச் சொல்லு."

நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.